கரையின் பின்புறத்தை யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

செம்பரம்பாக்கத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று உங்கள் நாளிதழில்தான் தினமும் பார்க்கிறேன். அங்கே 24 அடியை நெருங்கினால் சென்னை முழுக்க அதே பேச்சு. நான் குடியிருப்பதோ தாம்பரத்துக்கு அப்பால், ஒரு சின்ன ஏரியின் கரைக்குக் கீழே. கரை மூன்று ஆள் உயரம்தான். ஆனால் அதன் கீழே ஐந்து தெருக்கள் இருக்கின்றன.

செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் என் தாத்தா நீர்க்கட்டியாக, அதாவது ஏரியையும் அதன் பாசனத் தண்ணீரையும் பார்த்துக்கொள்பவராக இருந்தார். மழைக்காலத்தில் அவர் கரையின் மேலே நடந்து நான் பார்த்ததில்லை. வெளிப்புறத்து அடிவாரத்தை ஒட்டி, கால் எங்கே புதைகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். கசிவு கண்டால் சொம்பில் பிடித்துவந்து திண்ணையில் வைப்பார். தெளிவாக இருந்தால் சரி, கவலையில்லை. அடியில் வண்டல் படிந்தால் அன்று ராத்திரி ஊரில் ஒருவருக்கும் தூக்கமில்லை. நண்டு வளையோ, பட்டுப்போன மரத்தின் வேரோ விட்டுவைத்த சந்து வழியாகத் தண்ணீர் கரையின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறது என்று அதற்குப் பொருள்.

போன கார்த்திகையில் எங்கள் பின்தெருவில், ஒரு வீட்டு மதிலோரம் அப்படி ஊற்றெடுத்தது. எவர்சில்வர் டம்ளரில் பிடித்துவைத்தேன். கால் மணி நேரத்தில் அடியில் செம்மண் படிந்துவிட்டது. ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அது எங்கள் ஏரி இல்லை என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், கரை எங்களுடையதுதான், கரைக்குக் கீழே உள்ள இடம் எங்களுடையது இல்லை என்றார்கள். அதற்குள் தெருப் பையன்கள் மணல் மூட்டையை எடுத்துவந்து ஊற்றுக்கண் மேலேயே வைத்து அழுத்தப் போனார்கள். நான்தான் தடுத்தேன். அங்கே அடைத்தால் வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி வட்டமாக மூட்டைகளை அடுக்கி, நடுவில் மணலும் அதன்மேல் ஜல்லியும் கொட்டினோம். தண்ணீர் தெளிந்து வடிய ஆரம்பித்தது. மறுநாள் மழையும் விட்டது. விட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எனக்குப் பதைக்கிறது.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் என்று நல்ல விதிகள் அதில் உண்டு. ஆனால் அவை 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்குத்தான். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகள் ஏதாவது பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள் இருக்கின்றன. மூன்று ஆள் உயரக் கரைக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. தென்னாப்பிரிக்காவும் நம்மைப் போல வளர்ந்துவரும் நாடுதான். அங்கே 5 மீட்டருக்கு மேல் உயரமும் 50,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் இருந்தாலே அணைப் பாதுகாப்பு விதிக்குள் வந்துவிடும். உயரத்தோடு, கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் ஆபத்தை அங்கே வகைப்படுத்துகிறார்கள்.

நமக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும். ஜகார்த்தாவை ஒட்டியுள்ள சிட்டு கிண்டுங் ஏரி, டச்சுக்காரர் காலத்தில் வயல்களுக்காகக் கட்டியது. வயல்கள் வீடுகளாயின, கரை பழைய மண்கரையாகவே இருந்தது. 2009 மார்ச் 27 விடிகாலையில் உடைந்து சுமார் 100 பேர் இறந்தார்கள். எங்கள் ஐந்து தெருக்களும் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலம்தான்.

நம் மாநிலத்திலேயே 1977-இல் கொடகனாறு அணை உடைந்திருக்கிறது. வெள்ளத்தில் கரண்ட் போனதால் ஷட்டர்களை முழுதாகத் தூக்க முடியவில்லை. கையால் தூக்கியும் போதவில்லை. கரைமேல் வழிந்த வெள்ளம் பின்புறச் சரிவை அரித்துத் தின்றுவிட்டது.

எங்கள் ஏரியில் தண்ணீர்ப் பக்கம் நடைபாதை, பெஞ்ச், விளக்கு எல்லாம் வந்துவிட்டன. காலையில் நானும் அங்கேதான் நடக்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் பின்புறச் சரிவில் சீமைக் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. அடிவாரத்தில் மதில்கள் கரையோடு ஒட்டி எழும்பியிருப்பதால், கசிவைப் பார்க்க ஓர் ஆள் நடந்துபோக வழியில்லை. ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் கலங்கலுக்கு வெளியே போக்குக் கால்வாயில் பாதியைச் சாலை விழுங்கிவிட்டது.

கீழே வீடுகள் உள்ள ஒவ்வொரு ஏரிக்கும், கரை எவ்வளவு தாழ்வாக இருந்தாலும், ஐப்பசிக்கு முன்னால் ஒருவர் பின்புறம் முழுவதும் நடந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் பெயரும் போன் நம்பரும் கலங்கல் அருகே பலகையில் இருக்க வேண்டும். அவர் நடக்க நாலடிப் பாதையாவது வேண்டும். அரசு இதை விதியாகவே கொண்டுவர வேண்டும்.

இப்போது ஆவணி. நாங்கள் மூட்டை அடுக்கிய இடத்தை நேற்றும் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கிறது, அந்த ஒரு முறம் அளவு இடத்தில் மட்டும் பச்சையாக நிற்கிறது. யாராவது வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தாம்பரம் மேற்கு, சென்னை.