உளவுத் தகவலும் செய்தியின் பொறுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயல்நாட்டுப் போர்ப் பதற்றம் பற்றிய செய்திகள் பலவும் ‘உளவுத்துறை வட்டாரங்கள் தெரிவித்தன’ என்பதோடு நின்றுவிடுவது மிகுந்த கவலையளிக்கிறது. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல், ஈராக்கிடம் நடமாடும் உயிரி ஆயுதக் கூடங்கள் இருப்பதாகப் வரைந்த படங்களைக் காட்டி விளக்கினார். அதற்கு முதன்மை ஆதாரம் ஜெர்மனி உளவுத்துறை விசாரித்த ஒரே ஓர் ஈராக்கியர் என்பதும், அவர் சொன்னது பொய் என்பதும் ஈராக் போர் மூண்ட பிறகே அம்பலமாயின. அதற்காக எல்லா உளவுத் தகவல்களையும் ஒதுக்கிவிடவும் முடியாது. 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுக்கும் என்ற அமெரிக்க உளவுத்துறையின் எச்சரிக்கை பலித்தது. எல்லையில் குவிந்த படைகளைத் தனியார் செயற்கைக்கோள் படங்களிலும் காண முடிந்தது. தகவல் எந்த நாட்டிலிருந்து வந்தது, தனியே சரிபார்க்கப்பட்டதா என்பதைத் தங்கள் நாளிதழ் முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்