ஒரு அப்பா எழுதிய கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை எடுத்ததால் டாக்டர் ஒரு வாரம் எதையும் படிக்கவிடவில்லை. இப்போது பரவாயில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊரே காறித் துப்புகிற ஆளுக்கு மகன் வக்காலத்து போட்டுவிட்டான், கடைத்தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று மூன்று பக்கம் புலம்பியிருக்கிறாய். படித்ததும் எனக்கு ஜான் ஆடம்ஸ் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. நான் வரலாற்றை ஆரம்பித்தாலே கொட்டாவி விடுவாய், தெரியும். இந்த ஒரு தடவை கேள்.

1770 மார்ச் 5, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். தெருவெல்லாம் பனி. காவல் நின்ற பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு பனிக்கட்டியும் கட்டையுமாக வீசியது. சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். ஊர் கொதித்தது. சிப்பாய்களின் கேப்டன் பிரெஸ்டனுக்காகவும் எட்டுச் சிப்பாய்களுக்காகவும் வாதாட யார் வருவார்? பிரிட்டனின் வரிகளை எதிர்த்து எழுதிய ஆடம்ஸ்தான் ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு 34 வயது.

நான் சொல்ல வந்தது அவரோடு சேர்ந்து வாதாடிய ஜோசையா குவின்சியைப் பற்றி. 26 வயதுப் பையன். அவனுடைய அப்பாவும் உன்னைப் போலத்தான். கொலைகாரர்களுக்கு நீ வக்கீலா, என்னால் நம்பவே முடியவில்லை என்று மகனுக்கு எழுதினார். நாலே நாளில் பதில் போட்டான். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, அதனால் சட்ட உதவி பெற அவர்களுக்கு உரிமை உண்டு, நான் செய்ததை நினைத்து ஒருநாள் இந்த ஜனங்களே சந்தோஷப்படுவார்கள் என்று. வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்பில் அரசு வக்கீலாக நின்றது அவனுடைய சொந்த அண்ணன் சாமுவேல்! அந்த அப்பாவின் நிலைமையை யோசித்துப் பார்.

பிரெஸ்டன் விடுதலையானார். சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை. மற்ற இருவருக்கும் கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். அந்த வழக்கை எடுத்தது நாட்டுக்குத் தான் செய்த சிறந்த சேவைகளில் ஒன்று என்று ஆடம்ஸ் மூன்று வருடம் கழித்து டைரியில் எழுதிவைத்தார்.

ஆளை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் எனக்கு மனசில்லை. அன்று செத்தவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், கறுப்பினக் கலப்புள்ள மாலுமி. வாதத்தில் ஆடம்ஸ் அவர்மீதே பழியைச் சுமத்தினார்; கூட்டத்திலிருந்த கறுப்பர்களையும் ஐரிஷ்காரர்களையும் இளக்காரமாகப் பேசினார். அதைப் படித்தால் இன்றும் கசக்கிறது. அப்புறம் 1798இல், ஜனாதிபதியாக இருந்தபோது, அரசைத் தாக்கி எழுதுகிறவர்களைச் சிறையில் தள்ளும் சட்டத்துக்குக் கையெழுத்தும் போட்டார்.

ஜோசையா அதிக நாள் இருக்கவில்லை. 1775இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது, கரையை எட்டும் முன்பே, காசநோயால் கப்பலில் இறந்துபோனான். 31 வயது. அப்பா அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்பது வருடம் இருந்தார். உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, பையனிடம் பேசாமல் எத்தனை நாளாகிறது என்று நீ எழுதவேயில்லை. தங்கச்சியிடம் கேட்டால் சொல்லிவிடும். வழக்கு அடுத்து என்றைக்கு வருகிறது என்று அவனிடம் நீயே கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்