இட்லியை நிறுத்தாதே, விஜி

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஓசூருக்கே மாற்றல் கிடைத்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. இனிமேல் பேத்தியை நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம். இங்கே அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை இப்போது தானே படிக்கிறார்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மழைக்காலத்திலிருந்து கீழே அரிப்பு, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுகிறது, மார்புக்கு அடியிலும் சிவந்து எரிகிறது, யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்வதற்கு என்னடி கூச்சம்? பெண்கள் வார்டில் வேலை பார்த்தவரை தினமும் காதில் விழுந்த பேச்சு இது. நாலு பெண்களில் மூன்று பேருக்கு ஆயுசில் ஒரு தடவையாவது வருகிறது.

உடம்பு முழுக்க ஈஸ்ட் ஏறிவிட்டது, இட்லி, தோசை, தயிர், பழம் எல்லாவற்றையும் விட்டுவிடு என்று யாரோ சொன்னதை நம்பி நீ இளைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. காலையில் டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பி, நூல் நூலாக இறங்கினால் ஈஸ்ட் என்று பார்க்கிறாயாமே. எச்சில் கெட்டியாக இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இறங்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஈஸ்ட் என்று அவர்கள் சொன்னது கேண்டிடா என்கிற பூஞ்சையை. அது நம் வாயிலும் குடலிலும் தோலிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கிறதுதான். நல்ல பாக்டீரியா அதை அடக்கி வைத்திருக்கும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு அந்த பாக்டீரியா குறைந்தாலோ, சர்க்கரை ஏறினாலோ, ஸ்டீராய்டு எடுத்தாலோ, மடிப்புகளில் ஈரம் தங்கினாலோ அது பெருகிவிடும். களைப்பு, தலைவலி, மறதி எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்கிற பேச்சு 1980களில் அமெரிக்காவில் பரவியது. அங்கேயே சோதித்தும் பார்த்தார்கள். 1990இல் வந்த ஆய்வில், பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் அந்த இடத்து உபத்திரவத்தைக் குறைத்தது; களைப்பு மாதிரியான மற்ற தொல்லைகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட ஒன்றும் அதிகம் செய்யவில்லை. உனக்கு இருக்கிற களைப்புக்குச் சர்க்கரையையும் ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் முதலில் பார்க்க வேண்டும்.

இட்லி மாவு பொங்குவது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாவால்தான். கூடவே கொஞ்சம் ஈஸ்ட் இருந்தாலும் ஆவியில் வேகும்போது செத்துப்போகும். சர்க்கரைக்காக அளவைக் குறை, அது சரி. பூஞ்சைக்குப் பயந்து நிறுத்தாதே.

இப்போது முக்கியமான விஷயம். தீபாவளிக்குப் பிறகு டாக்டர் புதுசாக ஒரு சர்க்கரை மாத்திரை சேர்த்தார் என்று முன் கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த அட்டையை எடுத்துப் பார். டாபாகிளிஃப்ளோசின் என்றோ எம்பாகிளிஃப்ளோசின் என்றோ போட்டிருந்தால், எனக்குச் சந்தேகம் அங்கேதான். ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மாத்திரை அது. நாளைக்கு 70 கிராம் வரைக்கும்கூடப் போகும். கடைசிச் சொட்டுகள் தங்குகிற இடத்தில் பூஞ்சைக்குச் சாப்பாடு வைத்த மாதிரிதான். ஆனால் நீயாக நிறுத்திவிடாதே. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது செய்கிற மாத்திரை அது. தொடரலாமா, மாற்றலாமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு தடவை சிறுநீர் கழித்த பிறகும் வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி ஈரத்தை எடு. சோப்பு வேண்டாம், டெட்டால் கிட்டவே வேண்டாம். பருத்தி உள்ளாடை மட்டும் போடு, வெயிலில் நன்றாகக் காயட்டும். மார்புக்கு அடியில் நான் என் மாமியாருக்குச் செய்தது இதுதான். பழைய நூல் புடவையை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்துத் துவைத்து வைத்துக்கொள்வேன். குளித்ததும் மடிப்பைத் தூக்கி, ஃபேன் காற்றில் தோல் பிசுபிசுப்பில்லாமல் உலரும் வரை உட்கார வைத்து, அந்தத் துணியை மடிப்புக்குள் படுக்க வைப்பேன். மதியம் எடுத்தால் வியர்வையில் நனைந்திருக்கும், வேறொன்று மாற்றுவேன். பவுடர் அள்ளிப் போட்டால் வியர்வையில் கட்டிகட்டியாகி உரசும். ராத்திரி பல்செட்டைக் கழற்றிக் கழுவி வைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். இதே பூஞ்சையால் அவர் மேலண்ணத்தில் வந்த சிவப்பு அதற்கப்புறம்தான் தணிந்தது.

பூண்டுப் பல்லை உள்ளே வைக்கச் சொன்னார்களாமே, வேண்டவே வேண்டாம், விஜி. அந்தத் தோல் வெந்துவிடும். வாயால் சாப்பிடும் பூண்டு மாத்திரையையும் ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். பூஞ்சை குறைந்ததாகத் தெரியவில்லை. தேங்காய் எண்ணெய் எலிகளின் குடலில் கேண்டிடாவைக் குறைத்ததாக 2015இல் ஒரு ஆய்வு வந்தது. எலிக்கு நடந்ததை நம்பி நீ ஸ்பூன் ஸ்பூனாக எண்ணெய் குடிக்காதே, சமையலில் இருப்பது போதும். தயிரைத் தாராளமாகச் சாப்பிடு, உள்ளே தடவாதே. வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுவதும் புண்ணான தோலில் எரிச்சலைத்தான் கூட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் அரிப்புக்கென்று ஒரு டியூப் கொடுத்தார்கள் என்றாயே, அதையும் டாக்டரிடம் காட்டு. அப்படிப்பட்ட பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு பூஞ்சை இன்னும் படரும்.

ஒரு லேடி டாக்டரிடம் போய்ச் சோதனைக்குக் கொடு. நம் வயசில் மாதவிடாய் நின்றபின் வெறும் வறட்சியால்கூட அரிக்கும், அதற்கு வைத்தியம் வேறு. நாற்றமோ பச்சை நிறமோ இருந்தால் அதுவும் வேறு நோய். பூஞ்சைதான் என்றால் அந்த இடத்தில் மட்டும் போடுகிற க்ளோட்ரிமசோல் மருந்து போதுமா என்று கேள். பூஞ்சைக்கு வாயால் சாப்பிடும் ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதினால், நீ கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்லிவிடு. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ ரத்தமோ வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போ.

மாசி மகத்துக்கு நீ இங்கே வருவதாகச் சொன்னது நிஜந்தானே? மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். வரும்போது ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம். அதற்குள் டாக்டர் என்ன சொன்னார் என்று போனிலாவது சொல்லிவிடு.

உன்
சரோஜா