குடியிருப்பாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயலவையினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல், தீபாவளி ஒன்றுகூடல், கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

டிங்கி (டெங்கு) காய்ச்சலுக்காக நாம் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "கொசுவைப் பார்க்கச் சொன்னால் தலையை எண்ணுகிறார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. டிங்கி விகிதத்தை 1 லட்சம் பேருக்கு இத்தனை நோயாளிகள் என்றுதான் கணக்கிடுகிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை மருத்துவமனையிலிருந்து வந்துவிடும். வகுக்க மக்கள்தொகை வேண்டும். மலேசியாவின் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2020-இல் நடந்தது. அதற்குப் பிறகு செம்பனை வெட்டிய நிலத்தில் எழுந்த வரிசை வீடுகளுக்கு அதில் இடமில்லை. பழைய எண்ணால் வகுத்தால் நோய் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஐசியில் (அடையாள அட்டையில்) பழைய தோட்டத்து முகவரியை மாற்றாத நோயாளியின் பெயர் தோட்டத்துக் கணக்கில் ஏறினாலோ, இங்கே சிறிதாகத் தெரியும். அதனால்தான் நம் பாரத்தில் (படிவத்தில்) வீட்டுக்காரர் யார் என்று கேட்காமல், இரவில் தங்குவோர் எத்தனை பேர், 5 வயதுக்குக் கீழ் எத்தனை, 60-க்கு மேல் எத்தனை என்று கேட்டோம். வாடகை வீட்டுத் தொழிலாளர்களும் இதில் அடக்கம்.

கொசுப்புழுச் சோதனையின் முதல் சுற்றில் தவறு நடந்தது. 50 வீடுகளைப் பார்த்து 4 வீடுகளில் கொசுப்புழு இருந்தால், 100 வீடுகளுக்குப் புழு உள்ள வீடுகள் எத்தனை என்று காட்டும் வீட்டுக் குறியீடு 8. அந்த வீடுகளில் மொத்தம் 9 பாத்திரங்களில் புழு இருந்தால், 100 வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்று காட்டும் பிரெட்டோ குறியீடு 18. சிலர் இரண்டையும் கலந்துவிட்டார்கள். பூட்டிய வீட்டுக்கும் "புழு இல்லை" என்று எழுதியது அதைவிட மோசம். பார்க்காத வீட்டைப் பார்த்ததாகச் சேர்த்தால் குறியீடு பொய்யாக இறங்கும். இரண்டாம் சுற்றில் பூட்டிய வீடுகளுக்குத் தனிப் பத்தி போட்டோம். அந்தப் பத்தியில் செயலவை உறுப்பினர்களின் வீடுகளும் உண்டு.

புகை அடிக்கச் சொல்லி வரும் அழைப்புகளுக்குக் குறைவில்லை. புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். பூச்சட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்தட்டு, கூரைத் தூம்பு ஆகியவற்றில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும். நீர் பட்டால் சுமார் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். நீரைக் கொட்டினால் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொட்ட முடியாத தொட்டிக்கு 10 லிட்டருக்கு 1 கிராம் அபேட் மணல் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) போட வேண்டும். பை என்னிடம் இருக்கிறது. வாங்க வந்தவர்கள்தாம் குறைவு.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கியால் பாரம் நகலெடுத்த செலவு இன்னும் அவர் சொந்தக் கைக்காசில்தான் நிற்கிறது. சுகாதார அலுவலகத்தாருக்கும் வீடு வீடாக ஏறிய இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த சுற்றுக்கு ஒவ்வொரு லோரோங்குக்கும் (சந்துக்கும்) இருவர் வேண்டும். செயலாளர் பொறுப்புக்கும் பெயர் கொடுக்கலாம். கோப்பு தயாராக இருக்கிறது. யாரும் முன்வராவிட்டால், என் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் உங்கள் கதவையாவது திறந்து வையுங்கள்.