ஒலிவியா அழுதது பாசாங்காமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஷேக்ஸ்பியரோட 'ட்வெல்ஃப்த் நைட்' நாடக விமர்சனத்துல "ஒலிவியாவின் துக்கம் வெறும் பாசாங்கு, முதல் ஆணைக் கண்டதும் முக்காடு பறந்துவிடுகிறது"ன்னு எழுதியிருக்காரே உங்க விமர்சகர், அவர் வீட்ல எப்பவாச்சும் சாவு விழுந்திருக்கா? ஒலிவியா மனசக் குடுக்கிறது ஆணுக்கே இல்ல, ஆண் வேஷம் போட்ட வயோலாவுக்கு, உங்களுக்குத் தெரியாததா.

ஒலிவியாவோட அப்பா போய் ஒரு வருஷந்தான் ஆச்சு, கொஞ்ச நாள்லயே கூடப்பொறந்தவனும் போயிட்டான், வாசல்ல ஆர்சினோ பிரபுவோட ஆளுங்க விடாம காதல் தூது வந்து நிக்கிறாங்க, ஏழு வருஷம் முகத்தக் காட்டமாட்டேன்னு ஒருத்தி சொல்லாம வேற என்ன சொல்லுவா? என் அண்ணன் தவறினப்போ நானும் இனிமே எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன்னுதான் சொன்னேன், அந்த வருஷமே சித்தி பொண்ணு கல்யாணத்துல வாய்விட்டுச் சிரிச்சேன். அத இன்னிக்கும் சொல்லிக்காட்டுற சொந்தக்காரங்க இருக்காங்க, உங்க விமர்சகருக்கு அவங்களோட நல்லா ஒத்துப்போகும்.

வயோலாவும் அண்ணன் கடல்ல போயிட்டான்னு நெனச்சிட்டிருக்கிறவதான். ஆர்சினோகிட்ட வேலைக்குச் சேந்த மூணு நாள்லயே அவன் மேல ஆசை வந்துடுது, அத வெளிய சொல்லவும் முடியாம அவனுக்காக ஒலிவியாகிட்ட தூது வேற போறா. அவளுக்கு மட்டும் "மௌனக் காதலின் உருவம்"னு பாராட்டு! கடைசி சீனுக்கு முன்னாடி ஆர்சினோ ஒரு தடவையாவது தானே போய்க் கேட்டானா, அந்தக் கடைசி சீன் வரைக்கும் ஒலிவியா ஒலிவியான்னு உருகிட்டு அதே சீன்ல வயோலா கைய பிடிக்கிறான், இவர்தான் போன வருஷம் உங்க பேப்பர்ல "தியாகக் காதலன்". அதுக்கு நான் எழுதின லெட்டர ரெண்டு வரியா வெட்டிப் போட்டீங்க, மறக்கல. நாடகப் பக்கம் இப்போ ராசிபலனுக்குக் கீழ அரைப்பக்கமா சுருங்கினதையும் பாத்துட்டுதான் இருக்கேன்.

1602 பிப்ரவரி 2-ல லண்டன்ல மிடில் டெம்பிள்ங்கிற வக்கீல் சங்கத்துல இந்த நாடகத்தப் பாத்த சட்ட மாணவர் ஜான் மானிங்ஹாம்கூட டைரில ஒலிவியாவ விதவைன்னுதான் தப்பா எழுதி வச்சார். பாவம், விருந்துல பாத்தது, புத்தகமும் 1623-லதான் அச்சாச்சு. உங்காளுக்கு என்ன கேடு?

கேக்குறது ஒண்ணுதான். போட்டோவுக்குக் கீழ வயோலாவோட இரட்டை அண்ணன் "அந்தோனியோ"ன்னு போட்டிருக்கீங்க, அவன் செபாஸ்டியன். அந்தோனியோ அவனக் கடல்ல காப்பாத்தி, அவன் மேல உயிரா இருந்து, எதிரி ஊருக்கே பின்னாடி வந்து, பணப்பையையும் குடுத்துட்டு, கடைசில எல்லாரும் ஜோடி சேரும்போது ஒரு வார்த்தையும் இல்லாம நிக்கிறவன். அவன் பேரையாவது ஒழுங்கா போடுங்க. ஒரு மூலைல திருத்தம் வந்தா போதும். வரலேன்னாலும் என்ன பண்றது, அடுத்த வருஷ சந்தாவையும் கட்டித் தொலைச்சிட்டேன்.

இப்படிக்கு,
பழைய வாசகி