ஹெலிகாப்டர் சத்தத்துக்கு இன்ஜினத் திட்டாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பகுதியில ஒரு தம்பி எழுதியிருந்தாரு. மெர்டேக்கா (சுதந்திர தினம்) ரிகர்சலுக்கு பறக்குற மிலிட்டரி ஹெலிகாப்டர் சத்தத்துல கைப்பிள்ளைய தூங்க வைக்க முடியல, எல்லாம் பழைய இன்ஜின், வெளிநாட்டுல அப்பாச்சிங்கிற தாக்குதல் ஹெலிகாப்டர் எல்லாம் சத்தமே இல்லாம வந்து அடிச்சிட்டுப் போவுது, நம்ம ஆளுங்க ஏன் அந்த மாதிரி வாங்க மாட்டேங்குறாங்கன்னு. கோவம் நியாயமான கோவம்தான். நானும் செந்தூல் பிளாட்டுலதான் இருக்கேன், தலைக்கு மேல ஒன்னு போனா எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடும். ஆனா அவரு திட்டுற ஆள் தப்பான ஆள். சுபாங் ஹேங்கர்ல ரொம்ப காலம் கையில கிரீஸ் ஒட்டிக்கிட்டு நின்னவன்ங்கிற உரிமையில எழுதுறேன், நீளமா இருந்தா வெட்டிக்குங்க, ஆனா நம்பருங்கள மட்டும் வெட்டிடாதீங்க.

மொதல்ல இன்ஜின். இப்ப பறக்குற மிலிட்டரி ஹெலிகாப்டர் கிட்டத்தட்ட எல்லாமே டர்பைன் இன்ஜின், அதோட சத்தம் கீச்சுன்னு உச்சத்துல இருக்கும். அந்த மாதிரி உச்ச சத்தத்த காத்தே சீக்கிரம் தின்னுடும், பக்கத்துல நின்னா காது கிழியும், ரெண்டு மூனு கிலோமீட்டர் தள்ளி நின்னா ஒன்னுமே கேக்காது. உங்க வீட்டு வரைக்கும் வந்து கண்ணாடிய ஆட்டுறது மேல சுத்துற பிளேடு. அது அடிக்கிறது தாழ்ந்த சத்தம், அது காத்துல அவ்ளோ சுலபமா தேயாது, சுவத்தையும் தாண்டி வரும். அதனால புது இன்ஜின் மாட்டுனாலும் அதே பிளேடு அதே வேகத்துல சுத்துனா அந்த தம்பி வீட்டுப் பிள்ளை முழிச்சிக்கத்தான் போவுது.

பிளேடு எத்தனை, எவ்ளோ வேகமா சுத்துதுன்னு தெரிஞ்சா ஹெலிகாப்டர பாக்காமலே பேர் சொல்லிடலாம். வியட்நாம் சண்டையில பறந்த ஹியூயிங்கிற அமெரிக்க ஹெலிகாப்டருக்கு ரெண்டே பிளேடு, நிமிஷத்துக்கு 324 சுத்து. அப்படின்னா செகண்டுக்கு சுமார் 11 அடி. மனுஷன் காது செகண்டுக்கு 20க்கு கீழ வர்ற அடிய தனித்தனியாதான் கேக்கும், அதனாலதான் டப் டப் டப்புன்னு எண்ணுற மாதிரியே இருக்கும். அப்பாச்சிக்கு நாலு பிளேடு, 289 சுத்து, செகண்டுக்கு 19 அடி, கிட்டத்தட்ட அந்த 20ஐயே தொட்டுடுச்சு, எண்ண முடியாது, உறுமல் மாதிரி ஆயிடும். நம்ம ஏர்ஃபோர்ஸ்ல 2012ல இருந்து பறக்குற ஈசி725 ஹெலிகாப்டருக்கு அஞ்சு பிளேடு, செகண்டுக்கு 22 கிட்ட வரும், ஆனா மிஷின் எடை 11 டன்னு. அத்தனை எடைய தூக்கணும்னா அத்தனை காத்த கீழ தள்ளியாகணும், சத்தம் கொறையும்னு எதிர்பாக்கவே கூடாது. 1968ல இருந்து அம்பது வருஷத்துக்கு மேல நம்ம நாட்டுல உழைச்ச நூரி ஹெலிகாப்டருக்கும் அஞ்சு பிளேடுதான். வெள்ளம் வந்தா அரிசி மூட்டை தூக்கிட்டு வந்த மிஷின் அது, அத கேட்டு வளந்தவங்க இன்னைக்கும் சத்தத்த வச்சே "நூரிலா"ன்னு சொல்லிடுவாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பிளேடு சுத்துறப்ப அதோட நுனிதான் ரொம்ப வேகமா போகும். ஹியூயியோட நுனி வேகம் செகண்டுக்கு 248 மீட்டர் கிட்ட. அது நின்ன எடத்துல. மணிக்கு 200 கிலோமீட்டர்ல முன்னால போறப்ப, முன்பக்கமா வர்ற பிளேடுக்கு அந்த வேகமும் சேந்து 304 கிட்ட ஆயிடும். நம்ம ஊரு வெயில்ல ஒலியோட வேகம் சுமார் 349 மீட்டர், அதுல கிட்டத்தட்ட 87 சதவீதம். இவ்ளோ கிட்ட போனா நுனியில காத்து நசுங்கி, ஒவ்வொரு சுத்துக்கும் பட்டு பட்டுன்னு ஒரு அறை விழும், அந்த அறை முன்பக்கமாத்தான் அதிகமா போகும், அதனாலதான் ஹெலிகாப்டர் வர்றப்ப பயங்கரமா கேட்டு, தலையத் தாண்டுன உடனே டோனே மாறிடுது.

இன்னொரு சத்தம் இருக்கு, நகரத்துல இருக்குற நமக்கு அதுதான் பெரிய தொல்லை. ஒவ்வொரு பிளேடும் நுனியில ஒரு சுழல விட்டுட்டுப் போகும். நேரா பறந்தா அந்த சுழல் கீழ எறங்கி ஒதுங்கிடும், ஆனா லேசான சரிவுல மெதுவா எறங்குறப்ப ஹெலிகாப்டரும் அதோடவே எறங்குதா, பின்னால வர்ற பிளேடு நேரா அதுலயே போயி மோதும். பினாங்கு பெர்ரி போன பின்னாடி அந்த அலையில சின்ன போட்டு ஏறி எறங்குனா அடியில டம்மு டம்முன்னு அடிக்கும்ல, அதுதான் இது, செகண்டுக்கு இருபது தடவ. 6 டிகிரி சரிவு பக்கம் எறங்குறப்பதான் இது ரொம்ப மோசம். ஹெலிகாப்டர் லேண்டிங்குக்கு சாதாரணமா எறங்குற சரிவும் அந்தப் பக்கம்தான், நம்ம நேரம்!

சரி, அப்பாச்சி சத்தமே இல்லாம வருதுன்னு சொன்னாருல்ல. சிங்கப்பூர் 20 அப்பாச்சி வாங்கியிருக்கு, இந்தோனேசியா 8 வாங்கியிருக்கு. சிங்கப்பூரோடது நிக்கிற செம்பவாங் பேஸ் ஜொகூர் ஜலசந்திக்குப் பக்கத்துலதான். ஜலசந்திக்கு இந்தப் பக்கம் ஜேபியில (ஜொகூர் பாரு) இருக்குற என் சம்பந்தி கிட்ட போயி அது சத்தமில்லாத மிஷின்னு சொன்னா குடிக்கிற தே தாரே டீ வாய்ல இருந்து வெளிய வந்துடும் அவருக்கு. அப்பாச்சி சத்தமில்லாம வர்றது இல்ல, தூரத்துலயே நின்னுக்கிது, அவ்ளோதான். அதோட ஹெல்ஃபயர் ஏவுகணை 8 கிலோமீட்டர் வரைக்கும் போகும், அப்பாச்சியோட லாங்போ மாடல்ல ரேடார, பிளேடு சுத்துற ரோட்டருக்கும் மேல ஒரு உருண்டையில வச்சிருக்கான், மிஷின் முழுசும் மரத்துக்குப் பின்னால பதுங்கி நின்னு அந்த உருண்டைய மட்டும் எட்டிப் பாக்க வச்சா போதும், மரமும் மேடும் பாதி சத்தத்த மறைச்சிடும்.

அதோட டிசைன் பூராவும் அப்படித்தான், அடிபட்டாலும் சாகக் கூடாது, கண்ணுல படக் கூடாதுன்னு யோசிச்ச டிசைன். 1965ல பறந்த கோப்ராதான் தாக்குறதுக்குன்னே செஞ்ச மொத ஹெலிகாப்டர். ஹியூயியோட இன்ஜினும் ரோட்டரும் எடுத்து, ஒடம்ப மட்டும் ஒரு மீட்டருக்கும் கம்மியா ஒல்லியாக்கி, ரெண்டு பேரையும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ஒக்கார வச்சாங்க, முன்னால சுடுறவரு, பின்னால ஒசரமா பைலட். எதிர்ல இருந்து பாக்குறவனுக்கு சுடுறதுக்கு எடமே தெரியாது. பத்து வருஷம் கழிச்சி 1975ல மொதல்ல பறந்த அப்பாச்சியும் அதே ஒக்காரல்தான், ஆனா ரெண்டு இன்ஜின், அதையும் ஒன்ன விட்டு ஒன்னு தள்ளி வச்சிருக்கான், ஒரே குண்டுல ரெண்டும் போயிடக் கூடாதுன்னு. புகைபோக்கியில வெளிக்காத்த கலந்து ஆற வச்சி வெளிய விடுறான், சூட்ட மோப்பம் புடிச்சி வர்ற ஏவுகணைய ஏமாத்த. மூக்குக்கு கீழ தொங்குற 30 மில்லிமீட்டர் துப்பாக்கி ஹெல்மெட் போட்டவரு தலை திரும்புற பக்கமெல்லாம் திரும்பும். இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், நான் ஹேங்கர் ஆளு, எனக்குப் புடிச்சது வாலு.

அப்பாச்சி படம் கெடச்சா வால் ரோட்டர நல்லா உத்துப் பாருங்க. நாலு பிளேடு இருந்தா சரியா 90 டிகிரிக்கு ஒன்னுன்னு வைப்பாங்கன்னுதான் நெனப்போம். அப்படி வைக்கல, கத்திரிக்கோல் திறந்த மாதிரி 55 டிகிரி ஒரு பக்கம், 125 டிகிரி ஒரு பக்கம். சரிசமமா வச்சா எல்லா அடியும் ஒரே ஸ்ருதியில விழுந்து கூர்மையா கேக்கும், தள்ளித் தள்ளி வச்சா அந்த ஸ்ருதி ஒடஞ்சி பல ஸ்ருதியா பரவிடும், மொத்த சக்தி அதேதான் ஆனா காது அத சட்டுன்னு புடிக்காது. பொறாமைப்படுற அளவுக்கு புத்திசாலித்தனமான வேலை.

இந்த கத்திரி வாலுக்கு ஒரு பழைய கதை உண்டு. அப்பாச்சிய டிசைன் பண்ணுனது ஹியூஸ் கம்பெனி, அதே கம்பெனி அதுக்கு முன்னாடியே அமெரிக்க உளவுத்துறை சிஐஏவுக்கு தன்னோட சின்ன ஹெலிகாப்டர ஒன்ன சத்தம் கொறையுற மாதிரி மாத்திக் குடுத்துச்சு. நாலு பிளேடு இருந்த எடத்துல அஞ்சு, சுத்துற வேகத்த கொறச்சாங்க, வாலுக்கு அந்த கத்திரி ரோட்டர், புகைபோக்கிக்கு சைலன்சர், உள்ள சத்தத்த அடக்குற பட்டை. 1972 டிசம்பர்ல ஒரு ராத்திரி லாவோஸ்ல இருந்து போயி வட வியட்நாம்ல வின் ஊரு பக்கத்துல டெலிபோன் லைன்ல ஒட்டுக்கேக்குற கருவிய மாட்டிட்டு வந்துட்டாங்க. ஆனா அது கொஞ்சம் ஆளு, கொஞ்சம் சாமான், அவ்ளோதான் தூக்கும்.

நம்ம நாட்டுக்கும் அதுக்கும் சொந்தம் இருக்கு, பல பேருக்குத் தெரியாது. 2013ல சபாவுல லஹாட் டத்துல வெளியில இருந்து ஆயுதக்காரங்க ஊடுருவுன பின்னாடி சபா கிழக்குக் கரைய காவல் காக்கணும்னு நம்ம ராணுவம் 2016ல எம்டி530ஜிங்கிற ஹெலிகாப்டர் ஆறு ஆர்டர் பண்ணி, இழுத்தடிச்சி 2022லதான் கைக்கு வந்துச்சு. தாக்குதல் ஹெலிகாப்டர்னு நம்ம ராணுவத்துக்கிட்ட இருக்குறது அதுங்கதான். அந்த சிஐஏ மிஷினோட வம்சம்தான் அது. குட்டி மிஷின், அஞ்சு பிளேடு, ரோட்டர் சின்னதா இருக்கவும் வேகமா சுத்தும், செகண்டுக்கு 40 அடி பக்கம், உறுமாது, ரீங்காரம்தான். அப்பாச்சி வாங்கணும்னு எழுதுன தம்பிக்கு இத சொல்லணும்னுதான் இவ்ளோ தூரம் வந்தேன்.

அப்ப பெரிய மிஷின ஏன் அப்படியே அமைதியாக்கக் கூடாதுன்னு கேப்பாரு. கணக்கு விடாது. தூக்குற சக்தி நுனி வேகத்தோட வர்க்கத்துல போகும், ரோட்டர் வேகத்த 10 சதவீதம் கொறச்சா அதே கோணத்துல 19 சதவீதம் தூக்குற சக்தி போயிடும். அத ஈடுகட்ட பிளேடு சேக்கணும் இல்ல அகலமாக்கணும், எடை கூடும், எடை கூடுனா திரும்ப தூக்குற சக்தி பத்தாது. அமெரிக்காக்காரனே முயற்சி பண்ணுனான்லா, கொமான்சின்னு ஒன்னு, 1996ல பறந்துச்சு, அஞ்சு பிளேடு, வால் விசிறிய கூட்டுக்குள்ள மூடி வச்சி, ஆயுதத்த வயித்துக்குள்ள ஒளிச்சி வச்சி பாத்துப் பாத்து செஞ்சான், கிட்டத்தட்ட 700 கோடி டாலர் செலவு பண்ணி ரெண்டே ரெண்டு செஞ்சதோட 2004ல மூட்டை கட்டிட்டான். 2011ல பாகிஸ்தான் அபோட்டாபாத்துல பின்லேடன் வீட்டுக்கு ரகசியமா மாத்தி செஞ்ச பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்லதான் அமெரிக்காக்காரங்க போனாங்க, ஒன்னு அங்கயே விழுந்து அதோட வால் மட்டும் சுவத்துல தொங்குன படத்த எல்லாரும் பாத்தோம், ரோட்டர் நடுவுல மூடி போட்டிருந்துச்சு. அந்த ராத்திரியிலயே அந்த ஊர்க்காரரு ஒருத்தர் நடுராத்திரியில ஹெலிகாப்டர் சுத்துதுன்னு ட்விட்டர்ல போட்டுட்டாரு!

இந்தியாவோட பிரசண்ட்ங்கிற தாக்குதல் ஹெலிகாப்டர் பத்தியும் நம்ம ஆளுங்க வாட்ஸ்அப்ல நெறைய பெருமையா அனுப்புறாங்க, அதனால ரெண்டு வரி. 1999 கார்கில் சண்டையில ஒசரமான மலையில பறந்து அடிக்க சரியான தாக்குதல் ஹெலிகாப்டர் இல்லாம பட்ட பாட்டுல பொறந்த மிஷின் அது, 2010ல மொதல்ல பறந்து 2022 அக்டோபர்ல ஜோத்பூர்ல சேத்தாங்க, 5.8 டன், நாலு பிளேடு, 20 மில்லிமீட்டர் துப்பாக்கி. லடாக்ல மைனஸ் 20 டிகிரி குளிர்ல ஒலியோட வேகம் செகண்டுக்கு 319 மீட்டரா எறங்கிடும், நம்ம ஊர விட 30 கம்மி. அதே நுனி வேகம் அங்க ஒலி வேகத்துக்கு இன்னும் நெருக்கமா போயிடும், காத்து வேற மெலிசு, பிளேட கூடுதலா சாய்க்கணும். நாம பொழுதன்னிக்கும் திட்டுற இந்த வெயில் ஹெலிகாப்டர் சத்தத்துக்கு மட்டும் கொஞ்சம் நல்லது பண்ணுது.

இப்ப என்ன செய்யலாம்? மிஷின மாத்த முடியாது, பறக்குற விதத்த மாத்தலாம். அமெரிக்காவுல ஹெலிகாப்டர் சங்கத்துக்காரங்க 1980கள்லயே பைலட்டுங்களுக்கு ஒரு முறை சொல்லிக் குடுத்தாங்க, குடியிருப்பு மேல முடிஞ்ச அளவு ஒசரமா போ, ஆத்து மேல ஹைவே மேல போ, லேசான சரிவுல இழுத்து இழுத்து எறங்காத, எறங்கணும்னா கொஞ்சம் செங்குத்தா எறங்கு, வெடுக்குன்னு திருப்பாத. இதுக்கு பைசா செலவு இல்ல. ரிகர்சல்னா கூட்டமா ஒரே ஒசரத்துல வரிசையா வந்துதான் ஆகணும், அணிவகுப்பு நடக்குற டத்தாரான் (சதுக்கம்) மேல தாழ்வாத்தான் பறக்கணும், கொடி தெரியணும்ல, அத நான் குறை சொல்லல. ஆனா வரிசை சேர்றதுக்கு முன்னாடி சுத்திக்கிட்டு நிக்கிற எடமும் முடிஞ்சி எறங்குற வழியும் தாமான்களுக்கு (குடியிருப்புங்களுக்கு) மேல இருக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல.

அந்த தம்பி மறுபடியும் எழுதுறதா இருந்தா, சும்மா சத்தம் ஜாஸ்தின்னு எழுதாம, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமா இருந்து எந்தப் பக்கம், நேரா போச்சா எறங்குனுச்சா, டப் டப்புன்னு தனித்தனியா கேட்டுச்சா உறுமலா கேட்டுச்சான்னு குறிச்சி அனுப்பச் சொல்லுங்க. அத படிச்சா சம்பந்தப்பட்டவங்களுக்கு எது மேல கை வைக்கணும்னு தெரியும். உங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள் ஐயா, வருஷா வருஷம் ரோடு அடைக்கிறத மொத பக்கத்துல போடுறீங்க, ரிகர்சல்ல ஹெலிகாப்டர் பறக்குற நாளும் நேரமும் வந்தா அதையும் பக்கத்துலயே ஒரு சின்ன கட்டத்துல போடுங்க. கைப்பிள்ளை வச்சிருக்குறவங்க, நாய் வளக்குறவங்க, நைட் ஷிப்ட் முடிஞ்சி காலையில வந்து படுக்குறவங்க முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்குவாங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான மெக்கானிக்,
செந்தூல், கோலாலம்பூர்