மஸ்ட்டுக்குப் பின்னால் என்ன வரும்?

திருவையாறு
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

அம்மாடி,

நீ அனுப்பிய ஆய்வறிக்கையைப் படித்தேன். மதகு, ஷட்டர், மணற்போக்கி பற்றிய விஷயத்தில் கை வைக்க ஒன்றுமில்லை. இங்கிலீஷில் மட்டும் ஒரே ஜாதிப் பிழை 11 இடத்தில் இருக்கிறது. எல்லாமே துணைவினைக்கு அடுத்த சொல்லில்.

கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட். இந்த ஒன்பதுக்கும் பின்னால் வினை அகராதியில் கிடக்கிற உருவத்திலேயே வரும். எஸ், இடி, ஐஎன்ஜி எதுவும் ஒட்டாது. முன்னால் ‘டு’வும் வராது.

இதை நீ புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அவன் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். ‘வேண்டும்’ வந்துவிட்டால் ஆன், ஆள், ஆர் என்ற விகுதி எங்குமே இல்லை, ‘போக’வும் அசையவில்லை. ‘போகிறாள் வேண்டும்’ என்று பச்சைப்பிள்ளைகூடச் சொல்லாது. ஆனால் ‘தி கான்ட்ராக்டர் மஸ்ட் ரிமூவ்ஸ் தி சில்ட்’ என்று நீ எழுதியிருக்கிறாய். ஒருமைக்கு எஸ் போடு என்று பள்ளியில் அடித்துச் சொன்னது கையோடு வந்துவிட்டது. ‘மஸ்ட் ரிமூவ்’, அவ்வளவுதான். மஸ்ட்டுக்கே எஸ் ஏன் இல்லை என்றால், கேன், மே, ஷல், மஸ்ட் ஆகியவற்றின் நிகழ்கால உருவம் மிகப் பழைய காலத்தில் இறந்தகால உருவமாக இருந்தது. இறந்தகாலத்தில் படர்க்கை ஒருமைக்குத் தனி எஸ் கிடையாது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

‘மஸ்ட் டு கிளீன்’ என்று இரண்டு இடம். ‘டு கோ என்றால் போக’ என்று மனப்பாடம் செய்ததால் ‘போக வேண்டும்’ என்றதும் டு தானாக வந்து உட்காருகிறது. டு கேட்பவை வேறு கூட்டம்: ஹேவ் டு, ஆட் டு, நீட் டு, யூஸ்ட் டு, ஏபிள் டு. அவற்றிலும் டுவுக்கு அடுத்து வெறும் வினைதான். ‘ஐ ஆம் யூஸ்ட் டு’ மட்டும் வேறு சமாச்சாரம். அது ‘பழகிவிட்டது’ என்ற பொருள், அதற்குப் பின்னால் ஐஎன்ஜி வரும்.

நீ அதிகம் வழுக்குவது நடந்து முடிந்ததைச் சொல்லும்போது. ‘தே ஷுட் வென்ட் எர்லியர்’. காரியம் நேற்றையது, அதனால் வினையை நேற்றைக்குத் தள்ளிவிட்டாய். தமிழில் நாம் என்ன செய்கிறோம்? ‘போன வேண்டும்’ என்பதில்லை, ‘போயிருக்க வேண்டும்’ என்கிறோம். அதை மூன்றாக வெட்டு: போய், இருக்க, வேண்டும். இப்போது கடைசியிலிருந்து படி. வேண்டும், இருக்க, போய். ஷுட், ஹேவ், கான். இங்கிலீஷ் நம் சொற்றொடரைப் புரட்டிப் போட்டிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நடுவில் இருப்பது ‘இருக்க’ என்பதால் அங்கே ஹேஸும் வராது, ஹேடும் வராது. ‘ஷி மே ஹேஸ் கான்’ என்பது ‘போயிருக்கிறாள்லாம்’ என்பது மாதிரி. ‘போயிருக்கலாம்’ என்றால் ‘மே ஹேவ் கான்’. ‘போய்’ என்ற இடத்தில் வினையின் மூன்றாவது உருவம். வென்ட் அல்ல, கான்.

குட்டும் இதே கதைதான். ‘போக முடிந்தது’ என்பதில் இறந்தகாலம் ‘முடி’யின் தலையில் ஏறிவிட்டது, ‘போக’ அப்படியே இருக்கிறது. ‘குட் கோ’. ‘குட் வென்ட்’ என்றால் ஒரே சுமையை இரண்டு பேர் தலையில் ஏற்றியதாகும். இன்னொன்று: ஒரே ஒரு முறை முயன்று முடித்த காரியத்துக்கு குட் பொருந்தாது. ‘வி குட் ரிப்பேர் தி மோட்டார் எஸ்டர்டே’ என்று எழுதாதே. ‘வி வேர் ஏபிள் டு ரிப்பேர்’ என்று எழுது. முடியவில்லை என்றால் ‘குட் நாட் ரிப்பேர்’ தாராளமாக வரும்.

உன் தொழிலில் செயப்பாட்டுவினைதான் ஜாஸ்தி. ‘ஷட்டர் திறக்கப்பட வேண்டும்.’ திறக்க, பட, வேண்டும். புரட்டினால் மஸ்ட், பி, ஓபன்ட். நீ எழுதியது ‘தி ஷட்டர் மஸ்ட் ஓபன்ட்’. ‘பட’வை விழுங்கிவிட்டாய். 11-இல் 4 இந்தப் பிழைதான். ‘திறக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்றால் நான்கு துண்டு: ஷுட், ஹேவ், பீன், ஓபன்ட். பட என்றால் பி, பட்டு என்றால் பீன். கூடவே ஒரு நுணுக்கம். ‘மஸ்ட் பி ஓபன்’ என்றால் ஷட்டர் திறந்த நிலையில் இருக்க வேண்டும். ‘மஸ்ட் பி ஓபன்ட்’ என்றால் யாராவது போய்த் திறக்க வேண்டும். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கருக்குப் போகிற உத்தரவில் இரண்டும் ஒன்றாகாது.

தமிழ் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு, அங்கேதான் உருவம் சரியாக இருந்தும் பொருள் கெடும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தாண்டியதும் டீக்கடையில் ஒருவர் ‘மேட்டூர்ல தண்ணி திறந்திருக்கணும்’ என்கிறார். திறந்திருப்பார்கள் என்ற ஊகமா, திறக்காமல் விட்டார்களே என்ற வயிற்றெரிச்சலா? குரலை வைத்துத்தான் தெரியும். இங்கிலீஷ் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’, செய்யாமல் விட்டதற்கு ‘ஷுட் ஹேவ்’. உன் 3-ஆம் பக்கத்தில் ‘தி ஆபரேட்டர் மஸ்ட் ஹேவ் குளோஸ்ட் தி ஷட்டர்’ என்று இருக்கிறது. நீ சொல்ல வந்தது அவர் மூடாததால் வயலில் தண்ணீர் ஏறியது என்று. எழுதியிருப்பதோ அவர் மூடியிருப்பார் என்று! குறை சொல்லப் போய் நற்சான்று கொடுத்துவிட்டாய். கம்ப்யூட்டர் இதற்குச் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் இலக்கணம் சரி. கடமையாகவும் இருந்து, செய்தும் முடித்ததற்கு இவை இரண்டுமே வேண்டாம். ‘ஹேட் டு குளோஸ்’, மூட வேண்டியிருந்தது.

எதிர்மறையிலும் இதே கவனம் தேவை. ‘கூடாது’ என்றால் மஸ்ட் நாட். ‘தேவையில்லை’ என்றால் நீட் நாட் அல்லது டோன்ட் ஹேவ் டு. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது: ‘மஸ்ட் நாட் எக்ஸீட்’. எக்ஸீட்ஸ் இல்லை. வயலில் தண்ணீர் நிற்கும்போது மோட்டார் போடத் தேவையில்லை: ‘நீட் நாட் ரன்’. அங்கே மஸ்ட் நாட் எழுதினால் தடையுத்தரவு ஆகிவிடும்.

‘கேன் ஏபிள் டு’வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டுக்கும் பொருள் ‘முடியும்’, ஒன்றை வெட்டு. அந்த ஒன்பதில் இரண்டு சேர்ந்து நிற்காது. ‘வில் கேன்’ இல்லை, ‘வில் பி ஏபிள் டு’. ‘வில் மஸ்ட்’ இல்லை, ‘வில் ஹேவ் டு’.

அனுப்புவதற்கு முன் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி அந்த ஒன்பது சொல்லையும் ஒவ்வொன்றாகத் தேடு. மே என்று தேடினால் மே மாதமும் வரும், அதைத் தள்ளிவிடு. அடுத்த சொல் நாட், ஆல்சோ, ஈஸிலி மாதிரி இருந்தால் தாண்டிப் போ. கேள்வி வாக்கியத்தில் எழுவாய் நடுவில் நிற்கும், அதையும் தாண்டு. பிறகு வருகிற வினை மொட்டையாக இருக்க வேண்டும். அது ஹேவ் ஆக இருந்து, முடிந்த காரியத்தைச் சொன்னால், அடுத்தது மூன்றாவது உருவம். பி ஆக இருந்து அடுத்து இன்னொரு வினை வந்தால், அது ஐஎன்ஜியா மூன்றாவது உருவமா என்று பார்: நடந்துகொண்டிருந்தால் முன்னது, யாரோ செய்ய வேண்டியதானால் பின்னது. இரண்டு வினையை அண்ட் போட்டுச் சேர்த்த இடத்தில் கொஞ்சம் நிதானி. ‘ஷுட் கிளீன் அண்ட் கிரீஸ்’ என்று இருக்க வேண்டியது, உன் 5-ஆம் பக்கத்தில் ‘ஷுட் கிளீன் அண்ட் கிரீஸ்ட்’ என்று நிற்கிறது. முதல் வினை வரைக்கும் நினைவிருந்த சட்டம் இரண்டாவதற்குள் மறந்துவிட்டது.

3-ஆம் பக்கத்து ஆபரேட்டர் வரியை முதலில் மாற்று. திங்கட்கிழமை அது மேலே போகிறது என்றாயே.

அப்பா